வெவ்வேறு வயதுப் பிள்ளைகளோடு தொட்டு விளையாடும் அருங்காட்சியகத்துக்கு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஒரே வயதுப் பிள்ளைகளை அழைத்துச் செல்வது ஒரு வேலை. பத்து வயது அக்காவையும் ஆறு வயதுத் தம்பியையும் இன்னும் சரியாகப் பேச்சு வராத பாப்பாவையும் ஒன்றாக அழைத்துச் செல்வது முற்றிலும் வேறு வேலை. என் பிள்ளைகளோடும் உடன்பிறந்தவர்களின் பிள்ளைகளோடும் இத்தகைய அருங்காட்சியகங்களுக்குப் பல முறை போய் வந்தவள் என்பதால், புதிதாகக் கிளம்பும் பெற்றோர் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளையும் அவற்றுக்கு நான் சொல்லும் விடைகளையும் இங்கே எழுதி வைக்கிறேன்.

தொட்டு விளையாடும் அருங்காட்சியகம் என்பது என்ன?

வழக்கமான அருங்காட்சியகத்தில் பொருள்கள் கண்ணாடிப் பெட்டிக்குள் இருக்கும். ‘தொடாதீர்கள்’ என்ற பலகையும் பக்கத்திலேயே இருக்கும். இங்கே பொருள்கள் பிள்ளைகளின் கைக்கு எட்டும் உயரத்தில், சுழற்றவும் இழுக்கவும் ஊற்றவும் அடுக்கவும் தோதாக வைக்கப்பட்டிருக்கும். பிள்ளைகளுக்கென்றே அமைந்த முதல் அருங்காட்சியகம் 1899-ஆம் ஆண்டு நியூயார்க் நகரின் புரூக்ளினில் திறக்கப்பட்டது. பாஸ்டனில் 1913-லும் இண்டியானாபொலிசில் 1925-லும் அடுத்தடுத்து இத்தகைய அருங்காட்சியகங்கள் தோன்றின. 1962-ல் பாஸ்டன் குழந்தைகள் அருங்காட்சியகத்தின் இயக்குநராகப் பொறுப்பேற்ற மைக்கேல் ஸ்பாக், அன்றாடப் பொருள்களைக் குறுக்கே வெட்டி, உள்ளே என்ன இருக்கிறது என்று பிள்ளைகள் தாமே பார்த்துத் தெரிந்துகொள்ளும்படி காட்சிகளை அமைத்தார். 1969-ல் இயற்பியலாளர் பிராங்க் ஓப்பன்ஹைமர் சான் பிரான்சிஸ்கோவில் எக்ஸ்புளோரட்டோரியம் என்ற அறிவியல் கூடத்தைத் தொடங்கினார். வருகிறவர்களே இயக்கிப் பார்க்கும் கருவிகள்தான் அங்கே காட்சிப்பொருள்கள்.

இந்தப் பழைய கதையைச் சொல்வதற்குக் காரணம், குழந்தைகள் அருங்காட்சியகம், அறிவியல் கூடம் என்ற இந்த இரு வகைகளும் இன்றைக்கும் தனித்தனியாகவே இருக்கின்றன என்பதுதான். குழந்தைகள் அருங்காட்சியகம் பெரும்பாலும் நடை பழகும் குழந்தை முதல் எட்டு, ஒன்பது வயது வரை உள்ளவர்களை மனத்தில் வைத்து அமைக்கப்படுகிறது. அறிவியல் கூடம் ஏழு, எட்டு வயதுக்கு மேல்தான் உண்மையில் களைகட்டும். எங்கே போகப் போகிறீர்கள் என்பதை இணையதளத்தில் முதலில் பார்த்துவிட்டால், அன்றைக்கு எந்தப் பிள்ளை சிரமப்படும் என்பது முன்கூட்டியே தெரிந்துவிடும்.

மூத்த பிள்ளைக்குச் சலித்துவிடாதா?

சலிக்கலாம். அதிலும் பத்து, பதினொரு வயதுப் பிள்ளை வாசலிலேயே ‘இது பாப்பாக்களுக்கான இடம்’ என்று முகத்தைத் திருப்பிக்கொள்வது மிகவும் வழக்கம். அந்தப் பிள்ளைக்கு ஏற்ற காட்சிகள் எவை என்று முந்தைய நாளே அந்தப் பிள்ளையோடு சேர்ந்து பார்த்து, இரண்டையாவது அந்தப் பிள்ளையையே தேர்ந்தெடுக்கச் சொல்லுங்கள். கப்பி நாற்காலி இருந்தால் அது நல்ல தேர்வு. கயிற்றை இழுத்துத் தன்னைத் தானே தூக்கிக்கொள்ளும் நாற்காலி அது. மூன்று நாற்காலிகள் பக்கத்தில் பக்கத்தில் இருக்கும். ஒவ்வொன்றிலும் கப்பிகளின் எண்ணிக்கை வேறு. கப்பி கூடக் கூட இழுக்க வேண்டிய விசை குறைகிறது. ஆனால் அதே உயரத்துக்குப் போக இழுக்க வேண்டிய கயிற்றின் நீளம் கூடிக்கொண்டே போகிறது. ஆறு வயதுப் பிள்ளைக்குத் ‘தூக்கிவிட்டேன்’ என்ற வெற்றியே போதும். பத்து வயதுப் பிள்ளை கயிறு எவ்வளவு நீளம் கையில் வந்தது என்று பார்க்கத் தொடங்கும். அப்பாவை நாற்காலியில் உட்கார வைத்துத் தானே இழுத்துப் பார்க்கும்.

எல்லா வயதினரும் ஒன்றாக நிற்கக்கூடிய காட்சி எது?

என் அனுபவத்தில் தண்ணீர் மேசைக்கு ஈடு இணை இல்லை. ஏறக்குறைய எல்லா இடங்களிலும் ஏதோ ஒரு வடிவில் இது இருக்கும்: இடுப்பளவு உயரத்தில் நீண்ட தொட்டி, மெதுவாக ஓடும் நீர், மதகுகள், சிறு சக்கரங்கள், மிதக்கும் பந்துகள், குவளைகள்.

அதன் பக்கத்தில் பத்து நிமிடம் சும்மா நின்று பாருங்கள். இரண்டு வயதுக் குழந்தை குவளையில் மொண்டு ஊற்றும். ஊற்றி முடித்ததும் மறுபடியும் மொள்ளும். அந்த நீர் எங்கே போகிறது என்பதில் அதற்கு அக்கறை இல்லை, விழும்போது எழும் சத்தமும் கையில் குறையும் பாரமும்தான் அதன் ஆராய்ச்சி. நாலைந்து வயதுப் பிள்ளை பந்தை விட்டுவிட்டு, அது போகும் வழியிலேயே ஓடி, கடைசியில் அதைப் பிடிக்கும். ஏழு வயதில் மதகை மூடினால் மேலே நீர் ஏறுகிறது என்பது பிடிபட்டு, எவ்வளவு ஏற்றலாம் என்று பார்க்கத் தோன்றும். பத்து வயதுப் பிள்ளை இரண்டு மதகுகளை மாறி மாறித் திறந்து, ஒரு படகைக் கீழ்மட்டத்திலிருந்து மேல்மட்டத்துக்கு ஏற்றிவிடும். கால்வாய்களில் கப்பல்களை ஏற்றி இறக்கும் முறையும் அதுவேதான். நால்வரும் ஒரே நீரில்தான் கை வைத்திருக்கிறார்கள். யாரும் யாருக்காகவும் காத்திருக்கவில்லை, யாரும் யாரையும் இழுத்துக்கொண்டு போகவில்லை.

வெவ்வேறு வயதுப் பிள்ளைகளோடு போகும்போது நான் தேடுவது இத்தகைய காட்சிகளைத்தான். ஒவ்வொரு வயதுக்கும் ஒரு கூடம் என்று ஓடிக்கொண்டிருந்தால் எல்லாரும் பாதி நேரம் காத்திருப்பார்கள். எல்லாருக்கும் இடம் கொடுக்கும் ஒரு காட்சியைக் கண்டுபிடித்து அங்கே ஆற அமர நின்றுவிட்டால், மற்ற கூடங்களைப் பார்க்காமல் போனாலும் நட்டமில்லை. பெரிய கட்டைகளால் கட்டும் இடம், பந்து உருளும் சரிவுப் பாதைகள், நிழல் சுவர் ஆகியவையும் இந்த வகையைச் சேர்ந்தவை. நிழல் சுவரில் ஒளியை உள்வாங்கி மெல்ல வெளியிடும் பூச்சு இருக்கும். பளிச்சென்று ஒளி அடித்து ஓயும்போது சுவர் முழுவதும் பச்சையாக ஒளிர, பிள்ளை நின்ற இடம் மட்டும் இருட்டாக நிற்கும். தன் நிழலைச் சுவரில் விட்டுவிட்டு நகர முடிகிறது என்பதை முதல் முறை உணரும் பிள்ளையின் முகத்தை எத்தனை முறை பார்த்தாலும் எனக்குத் திகட்டுவதில்லை. அந்தப் பளிச்சென்ற ஒளி கைக்குழந்தையை அழ வைத்துவிடலாம் என்பதால் குழந்தையைத் தோளில் சாய்த்து முகத்தை மறைத்துக்கொள்ளுங்கள்.

ஒரே பெரியவர் மூன்று பிள்ளைகளைச் சமாளிக்க முடியுமா?

முடியும், ஆனால் இடம் அதற்கு ஏற்றதாக இருக்க வேண்டும். நடை பழகும் குழந்தைகளுக்கான பகுதி பெரும்பாலும் வேலி போட்டு, ஒரே வாயிலோடு இருக்கும். அந்தப் பகுதியிலிருந்து பார்த்தால் மூத்த பிள்ளைகளின் கூடம் கண்ணுக்குத் தெரியுமா என்பதை உள்ளே நுழைந்ததும் கவனியுங்கள். தெரிந்தால் ஒருவரே போதும். தெரியாவிட்டால், மூவரும் ஒன்றாகத்தான் நகர வேண்டும் என்பதை வாசலிலேயே பிள்ளைகளிடம் சொல்லிவிடுவது நேர்மை.

இரண்டு பெரியவர்கள் இருந்தால், ஒருவர் சின்னவரோடும் மற்றவர் மூத்த பிள்ளைகளோடும் என்று நாள் முழுவதும் பிரிந்துவிடாதீர்கள். முக்கால் மணி நேரத்துக்கு ஒருமுறை மாற்றிக்கொள்ளுங்கள். குழந்தையின் பின்னாலேயே குனிந்து குனிந்து நடப்பவரின் முதுகுக்கும் அது நல்லது. அம்மாவோடு ஒருமுறை, அத்தையோடு ஒருமுறை என்று பார்க்கும்போது பிள்ளைகளுக்கும் ஒரே காட்சி வேறாகத் தெரிகிறது.

அக்காவோ அண்ணனோ சின்னவரைப் பார்த்துக்கொள்ளலாமா?

இதில் என் கருத்து உறுதியானது: கூடாது. பத்து வயதுப் பிள்ளையிடம் ‘தம்பியைப் பார்த்துக்கோ’ என்று சொன்ன நொடியிலேயே அந்தப் பிள்ளையின் அருங்காட்சியகம் முடிந்துபோகிறது. ஒரு கண் தம்பியின் மேல் இருக்கும்போது எந்தச் சோதனையையும் இறுதி வரை செய்ய இயலாது. தம்பி அழுதால் திட்டும் தனக்குத்தான் விழும் என்று அந்தப் பிள்ளைக்குத் தெரியும். பாதுகாப்பு என்ற கோணத்திலும் அது சரியில்லை. கூட்டத்தில் ஒரு குழந்தையைக் கண்ணும் கருத்துமாகக் கவனிப்பது பெரியவர்களுக்கே கடினமான வேலை.

தானாக விரும்பித் தம்பிக்கு ஒன்றைக் காட்டிக் கொடுப்பது வேறு. எதிரெதிராக நிற்கும் இரண்டு பெரிய கிண்ணத் தகடுகளைக் கொண்ட ‘கிசுகிசுப்புக் கிண்ணங்கள்’ இருந்தால் அண்ணன் தம்பி இருவரையும் அங்கே அனுப்புங்கள். ஒரு தகட்டின் குவியத்தில் வாயை வைத்து மெல்லப் பேசினால், கூடத்தின் மறுகோடியில் உள்ள தகட்டின் குவியத்தில் காது வைத்திருப்பவருக்கு அது தெளிவாகக் கேட்கும். இருவர் இல்லாமல் அது இயங்காது என்பதால் அண்ணனுக்குத் தம்பி அங்கே தேவைப்படுகிறான். தம்பிக்கு உயரம் எட்டாவிட்டால் ஏறி நிற்க ஒரு படி இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள்.

எந்த நாளில், எந்த நேரத்தில் போவது நல்லது?

பள்ளி நடக்கும் வார நாள்களில் காலை வேளையில் பள்ளிக் குழுக்கள் பேருந்தில் வந்து இறங்கும். மதியத்துக்கு மேல் அவர்கள் கிளம்பியதும் கூடங்கள் அமைதியாகிவிடும். ஆனால் மதியம் தூங்கும் குழந்தை உங்களோடு இருந்தால் அந்த அமைதியால் பயனில்லை. வார இறுதியில் போவதாக இருந்தால் திறக்கும் நேரத்துக்கு வாசலில் நிற்பதே சிறந்த வழி. முதல் ஒரு மணி நேரத்தில் கிடைக்கும் இடவசதி அதன் பிறகு அன்றைக்குத் திரும்பக் கிடைக்காது. மழை பெய்யும் விடுமுறை நாளைத் தவிர்த்துவிடுங்கள், அன்றைக்கு ஊரே அங்கேதான் இருக்கும்.

எவ்வளவு நேரம் ஒதுக்க வேண்டும்?

மூன்று வயதுக்கு உட்பட்ட குழந்தை இருந்தால் இரண்டு மணி நேரம். அதற்கு மேல் போனால் இடையில் கட்டாயம் வெளியே வந்து உட்கார்ந்து, ஏதாவது சாப்பிட்டுவிட்டு மறுபடியும் உள்ளே போக வேண்டும். அன்றே மறுநுழைவு உண்டா என்று டிக்கெட் வாங்கும்போது கேட்டுக்கொள்ளுங்கள்.

அருங்காட்சியகத்தில் வரும் களைப்பு நமது கற்பனை என்று எண்ண வேண்டாம். பாஸ்டனில் பணியாற்றிய பெஞ்சமின் ஐவ்ஸ் கில்மன் என்பவர், 1916-லேயே இந்தக் களைப்பைப் பற்றித் தனிக் கட்டுரை எழுதினார். காட்சிப்பெட்டிகளைப் பார்ப்பதற்காக ஒருவர் எப்படியெல்லாம் குனிந்தும் வளைந்தும் குந்தியும் நிற்க வேண்டியிருக்கிறது என்பதைப் புகைப்படங்களாக எடுத்துக் காட்டினார். அவர் காட்டியது பெரியவர்களின் முதுகை. மேசை விளிம்பு மோவாய்க்கு வரும் இடத்தில் அரை மணி நேரம் நுனிக்காலில் நிற்கும் பிள்ளைக்கும் இதே களைப்பு வருகிறது. அதைச் சொல்லத் தெரியாததால் தம்பியை அடிக்கிறது, தரையில் படுத்துக்கொள்கிறது. சிணுங்கல் தொடங்கும்போது முதலில் உயரத்தைக் கவனியுங்கள். ஒரு முக்காலியோ படியோ கிடைத்தாலே பாதிச் சிணுங்கல் அடங்கிவிடுவதைப் பார்த்திருக்கிறேன்.

டிக்கெட்டை முன்பதிவு செய்ய வேண்டுமா? ஆண்டு உறுப்பினர் ஆகலாமா?

பல இடங்களில் நேரம் குறிப்பிட்ட டிக்கெட் முறை இருப்பதால் முன்பதிவு நல்லது. கைக்குழந்தைகளுக்குக் கட்டணம் இருக்காது என்பதும், பிள்ளை இல்லாமல் பெரியவர்கள் மட்டும் வந்தால் உள்ளே விடமாட்டார்கள் என்பதும் பரவலான விதிகள். பக்கத்திலேயே வசிப்பவர்கள் ஆண்டு உறுப்பினர் ஆவதை நான் வலியுறுத்துவேன். கொடுத்த காசுக்கு எல்லாவற்றையும் பார்த்தே தீர வேண்டும் என்ற தவிப்பு அதனால் மறைகிறது. சின்னவர் ஒரு மணி நேரத்தில் களைத்துவிட்டால் மனக்குறையில்லாமல் கிளம்பிவிடலாம்.

என்ன எடுத்துச் செல்ல வேண்டும்?

ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு மாற்றுடை, மூத்த பிள்ளைக்கும் சேர்த்து. தண்ணீர் மேசை வயது பார்ப்பதில்லை. ஈரத் துணியைப் போட ஒரு பை, தண்ணீர் பாட்டில், குழந்தைக்கு டயப்பர், வழுக்காத செருப்பு அல்லது ஷூ. மெத்தை விரித்த பகுதிகளில் செருப்பைக் கழற்றச் சொல்வார்கள் என்பதால் சாக்ஸ் கையில் இருக்கட்டும். ஸ்ட்ரோலரைச் சில கூடங்களுக்குள் விடமாட்டார்கள்; இடுப்பில் கட்டிக்கொள்ளும் தூக்குப் பை இருந்தால் உதவும். மற்ற சுமைகளையெல்லாம் லாக்கரில் வைத்துவிடுங்கள், இரண்டு கைகளும் உங்களுக்குத் தேவைப்படும்.

பிள்ளை ஒரே காட்சியில் நின்றுவிட்டால் என்ன செய்வது?

விட்டுவிடுங்கள். ஒருமுறை என் ஆறு வயது மகன் காற்றுக் குழாயின் பக்கத்திலேயே நாற்பது நிமிடம் நின்றான். கீழிருந்து மேலே பீய்ச்சும் காற்றில் ஒரு பந்து கீழே விழாமல் மிதக்கும் எளிய கருவி அது. முதலில் பந்தைத் தட்டிவிட்டான்; அது விலகிப் போய்த் திரும்ப நடுவுக்கே வந்தது. பிறகு குழாயை மெல்லச் சாய்த்தான். பந்தும் சாய்ந்து, அந்தரத்தில் கோணலாக நின்றது. இன்னும் கொஞ்சம் சாய்த்தான், பந்து நடுங்கியது, இன்னும் கொஞ்சம் சாய்த்ததும் விழுந்தது. ஓடிப் போய் எடுத்து வந்தான். எந்தச் சாய்வில் விழுகிறது என்பதைத் தன் கையாலேயே தேடிக்கொண்டிருந்தான் என்பது எனக்குப் புரியவே இருபது நிமிடம் ஆயிற்று. அதற்குள் ‘வா, அடுத்ததைப் பார்ப்போம்’ என்று மூன்று முறை அழைத்திருந்தேன். அந்த மூன்று அழைப்புகளுக்காக இன்றும் வருந்துகிறேன்.

அந்தப் பந்து ஏன் விழுவதில்லை என்று மூத்தவர்கள் கேட்டால் சொல்வதற்காக: மேலே எழும் காற்று பந்தைத் தாங்குகிறது. பந்து ஓரத்துக்கு நகர்ந்தால், காற்றோட்டம் அதன் வளைந்த பரப்பை ஒட்டியே திரும்பி வெளிப்பக்கமாகப் போகிறது; காற்று வெளியே திருப்பப்படும்போது அதன் எதிர்விசை பந்தை உள்ளே தள்ளுகிறது. அதனால் பந்து நடுவுக்குத் திரும்புகிறது.

ஒருவர் நின்றுவிட, மற்றவர் நகரத் துடிக்கும்போதுதான் சிக்கல். அங்கே இரண்டாவது பெரியவர் இருப்பதன் அருமை தெரியும். தனியாக இருந்தால், நகரத் துடிப்பவரிடம் ‘இன்னும் ஐந்து முறை பந்து விழட்டும், பிறகு உன் முறை’ என்று எண்ணக்கூடிய ஒன்றைச் சொல்லுங்கள். நிமிடக் கணக்கு சின்னப் பிள்ளைகளுக்கு எட்டாது.

காட்சிகளை நான் விளக்கிச் சொல்ல வேண்டுமா?

கேட்டால் சொல்லுங்கள். கேட்காதபோது உங்கள் கைகளைப் பின்னால் கட்டிக்கொள்வதே பெரிய உதவி. பலகையில் எழுதியிருப்பதைப் படித்துவிட்டு, ‘அப்படி இல்லை, இப்படிச் செய்’ என்று பிள்ளையின் கையிலிருந்து பிடுங்கிச் செய்து காட்டும் பெரியவர்களை எல்லாக் கூடங்களிலும் பார்க்கலாம். அன்பினால்தான் செய்கிறார்கள், ஆனால் பிள்ளை அதன் பிறகு அந்தக் காட்சியைத் தொடுவதே இல்லை.

வயதுக்கு ஏற்ற புரிதல் வேறு வேறு என்பதையும் நினைவில் வையுங்கள். அகலக் குவளையில் இருந்த நீரை ஒல்லியான உயரக் குவளைக்கு மாற்றினால், ஐந்து வயதுப் பிள்ளை நீர் கூடிவிட்டது என்றே பெரும்பாலும் சொல்லும். சுவிட்சர்லாந்தின் உளவியலாளர் ழான் பியாஜே இதைச் சோதித்துக் காட்டினார்; ஏறத்தாழ ஏழு வயதில்தான் அளவு மாறவில்லை என்பது பிள்ளைகளுக்குப் பிடிபடுகிறது என்று அவர் கண்டார். எனவே எட்டு வயது அண்ணன் ‘இதுகூடத் தெரியவில்லையா’ என்று தம்பியைக் கேலி செய்தால், தடுத்து நிறுத்துங்கள். தம்பி ஊற்றி ஊற்றித்தான் அங்கே வந்து சேர்வான்.

நான் வழக்கமாகக் கேட்பது ஒரே கேள்விதான்: ‘இப்போது என்ன ஆகும் என்று நினைக்கிறாய்?’ விடை தவறாக இருந்தாலும் திருத்துவதில்லை. அடுத்த நொடியில் கருவியே திருத்திவிடும்.

மற்ற பிள்ளைகளோடு சண்டை வந்தால்?

இரண்டு வயதுக் குழந்தை பிறரோடு சேர்ந்து விளையாடுவதைவிடப் பிறரின் பக்கத்தில் தனியாக விளையாடுவதே இயல்பு. மில்ட்ரெட் பார்ட்டன் என்ற ஆய்வாளர் 1932-லேயே இதை இணை விளையாட்டு என்று வகைப்படுத்தினார். ஆகவே அந்த வயதில் ‘பகிர்ந்துகொள்’ என்று உபதேசம் செய்வதைவிட, இரண்டாவது குவளையைத் தேடித் தருவதே பலன் தரும். நான்கு வயதுக்கு மேல் முறை வைப்பது புரியும். இழுபறி வந்தால் மற்ற பிள்ளையின் பெற்றோரிடம் முகம் சுளிக்காமல் ஒரு வார்த்தை பேசிவிடுங்கள். இரு தரப்புப் பெரியவர்களும் அமைதியாக இருப்பதைப் பார்த்தாலே பிள்ளைகள் பெரும்பாலும் அடங்கிவிடுகிறார்கள்.

சின்னக் குழந்தைக்கு எந்தக் காட்சிகள் ஆபத்தானவை?

பெரிய பிள்ளைகளுக்கான கூடத்தில் இருக்கும் சிறிய பொருள்கள்தான் முதல் கவலை. மூன்று வயதுக்கு உட்பட்டவர்களுக்கான பொம்மைகளைச் சோதிக்க அமெரிக்காவில் 31.7 மில்லிமீட்டர் விட்டமுள்ள ஓர் உருளையைப் பயன்படுத்துகிறார்கள். அதற்குள் முழுவதும் அடங்கிவிடும் எந்தப் பொருளும் தொண்டையில் சிக்கக்கூடியதாகக் கருதப்படும். சரிவுப் பாதையில் உருளும் கோலிகள், சிறு கட்டைகள், காந்தத் துண்டுகள் எல்லாம் இதில் அடங்கும். எல்லாவற்றையும் வாயில் வைக்கும் வயதில் உள்ள குழந்தையை அந்தக் கூடத்தில் தரையில் விடாதீர்கள், தூக்கியே வைத்திருங்கள். காந்தத்தைக் குழந்தை விழுங்கியிருக்கலாம் என்று சந்தேகம் வந்தால் காத்திருக்காமல் உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும். ஒன்றுக்கு மேற்பட்ட காந்தங்கள் குடலின் சுவர்களை நடுவில் வைத்து ஒன்றையொன்று ஈர்த்து, துளை விழச் செய்யும்.

முடியைக் குத்திட்டு நிற்க வைக்கும் நிலைமின் கோளத்தைப் பயிற்சி பெற்ற பணியாளர்தான் இயக்குவார். அதன் சிறு பொறி திடுக்கிட வைக்குமே தவிர, உடல்நலமுள்ள பிள்ளைக்குத் தீங்கு செய்யாது. இதயத் துடிப்புக் கருவி பொருத்தப்பட்ட தாத்தாவோ பாட்டியோ உடன் வந்திருந்தால், அவர்கள் அந்தக் கோளத்துக்கும் பெரிய காந்தங்களுக்கும் தள்ளியே நிற்க வேண்டும். விட்டுவிட்டு மின்னும் ஒளியால் வலிப்பு வரக்கூடிய பிள்ளை உங்களோடு இருந்தால், அத்தகைய கூடங்கள் எவை என்று நுழையும்போதே கேட்டுவிடுங்கள்.

இத்தனை பேர் தொட்ட பொருளைத் தொட்டால் நோய் வராதா?

சாப்பிடுவதற்கு முன்பும் கிளம்புவதற்கு முன்பும் சோப்புப் போட்டு 20 நொடி கை கழுவினால் பெருமளவு தவிர்க்கலாம். வாந்தி பேதியை உண்டாக்கும் நோரோ வைரசுக்குச் சானிடைசர் அவ்வளவாக வேலை செய்யாது என்பதால் சோப்பும் தண்ணீருமே சிறந்தவை. குழந்தை வாயில் வைத்த பொம்மையைத் திரும்ப அதே இடத்தில் வைக்காதீர்கள். பல இடங்களில் அதற்கெனத் தனிக் கூடை இருக்கும். உங்கள் பிள்ளைக்குக் காய்ச்சல் இருந்தால் பயணத்தைத் தள்ளிப் போடுவதே மற்ற குழந்தைகளுக்கு நீங்கள் செய்யும் உதவி.

சத்தமும் கூட்டமும் தாங்காத பிள்ளையை அழைத்துச் செல்லலாமா?

தாராளமாக அழைத்துச் செல்லலாம், அழைத்துச் செல்லவும் வேண்டும். ஆட்டிசம் உள்ள பிள்ளைகளுக்காகவும் ஒலி, ஒளியைத் தாங்க முடியாத பிள்ளைகளுக்காகவும் பல அருங்காட்சியகங்கள் குறிப்பிட்ட நாள்களில் விளக்கைத் தணித்து, ஒலியைக் குறைத்து, குறைந்த எண்ணிக்கையினரை மட்டும் அனுமதிக்கும் அமைதி நேரங்களை நடத்துகின்றன. அது இல்லாத இடத்தில் ஒலி தடுக்கும் காதுக் கவசம் பெரிதும் உதவும். கட்டடத்தின் படங்களை முந்தைய நாளே காட்டி, முதலில் இது, பிறகு இது, பிறகு வீடு என்று வரிசையைச் சொல்லிவையுங்கள். ஒதுங்கி உட்கார அமைதியான அறை எங்கே என்று தெரிந்துகொண்டு, பிள்ளைக்குத் தேவைப்படும் முன்பே ஒருமுறை அங்கே போய் வாருங்கள். மற்ற பிள்ளைகளிடமும் இதை ஒளிவு மறைவின்றிச் சொல்லுங்கள்: தங்கைக்குச் சத்தம் வலிக்கிறது, அதனால் நாம் அவ்வப்போது அந்த அமைதியான அறைக்குப் போவோம். காரணம் தெரிந்தால் பிள்ளைகள் பொறுத்துக்கொள்வார்கள்.

கூட்டத்தில் பிள்ளை காணாமல் போனால்?

கிளம்பும்போதே ஒவ்வொரு பிள்ளையையும் அன்றைக்கு அணிந்திருக்கும் உடையோடு மொபைலில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். பதற்றத்தில் சட்டையின் நிறம்கூட நினைவுக்கு வராது. உங்கள் எண்ணைப் பிள்ளையின் முன்கையில் எழுதிவிடலாம். பெயரைச் சட்டையில் பெரிதாக எழுத வேண்டாம், முன்பின் தெரியாதவர் பெயர் சொல்லி அழைக்க அது வழி செய்யும். அடையாள அட்டை அணிந்த பணியாளரை உள்ளே நுழைந்ததும் காட்டி, என்னைக் காணவில்லை என்றால் இவரைப் போன்றவரிடம் போ என்று சொல்லுங்கள். மூத்த பிள்ளைக்குச் சந்திக்கும் இடம் ஒன்றைக் குறித்துக் கொடுங்கள்.

பிள்ளையைக் காணவில்லை என்று உணர்ந்த உடனே பணியாளரிடம் சொல்லிவிட வேண்டும். ஐந்து நிமிடம் நாமே தேடிப் பார்ப்போம் என்று தயங்காதீர்கள். வாயிலில் கவனிக்கச் சொல்லும் முறை அவர்களிடம் உண்டு, இதற்காக அவர்கள் உங்களைக் குறைவாக நினைக்கமாட்டார்கள். வெளி வாயிலையும் நீர் உள்ள இடங்களையும் முதலில் பாருங்கள். அதன் பிறகு, அன்றைக்குப் பிள்ளை மிகவும் விரும்பி நின்ற காட்சிக்குப் போங்கள். பெரும்பாலும் அங்கேதான் இருக்கும்.

அழுகையில்லாமல் கிளம்புவது எப்படி?

பத்து நிமிடத்துக்கு முன்பே சொல்லுங்கள். சின்னவருக்கு ‘இன்னும் மூன்று முறை ஊற்றலாம்’ என்று சொல்லுங்கள். கடைசியாக ஒரே ஒரு காட்சி, அதை ஒவ்வொரு முறையும் வேறொரு பிள்ளை தேர்ந்தெடுக்கட்டும். நினைவுப் பொருள் கடையின் வழியாகத்தான் வெளியேற வேண்டும் என்றால், வாங்குவதா இல்லையா என்பதைக் கடைக்குள் நுழையும் முன் முடிவு செய்துவிடுங்கள். இவ்வளவு செய்தும் அழுதால், அழட்டும். நல்ல இடத்தைவிட்டுப் போக மனம் வராத அழுகை அது. அதற்காகத் திட்ட வேண்டியதில்லை.

காட்சிப்பொருள் உடைந்துவிட்டால் பணம் கட்ட வேண்டுமா?

சாதாரணமாகக் கையாளும்போது உடைந்தால் கேட்கமாட்டார்கள். அங்கே தினமும் ஏதாவது உடைந்துகொண்டுதான் இருக்கும், பழுது பார்ப்பதற்கென்றே ஆள்கள் இருப்பார்கள். மறைக்காமல் பணியாளரிடம் சொல்லுங்கள். உடைந்த விளிம்பு அடுத்த குழந்தையின் கையைக் கிழிக்கக் கூடாது.

வீட்டுக்கு வந்த பிறகு என்ன செய்யலாம்?

‘இன்றைக்கு என்ன கற்றுக்கொண்டாய்?’ என்று கேட்காதீர்கள். பிள்ளைகள் வாயை மூடிக்கொள்வார்கள். அங்கே பார்த்த ஒன்றை வீட்டில் மறுபடியும் செய்து பார்ப்பது மேல். காற்றில் மிதக்கும் பந்துக்கு, முடி உலர்த்தும் ஹேர் டிரையரும் மேசைப்பந்தும் போதும். அந்தப் பந்தின் விட்டம் 40 மில்லிமீட்டர், எடை 2.7 கிராம்தான் என்பதால் சிறு காற்றே தாங்கிவிடும். சூடில்லாத குளிர் காற்றில் வைத்து, ஈரம் இல்லாத இடத்தில், பெரியவர் பக்கத்தில் நின்று செய்ய வேண்டும். எங்கள் வீட்டில் பெரியவள் டிரையரைச் சாய்த்துச் சாய்த்து எந்தக் கோணத்தில் விழுகிறது என்று காகிதத்தில் குறித்துக்கொள்வாள், மகன் எப்போது விழும் என்று உரக்கச் சொல்லுவான், கடைக்குட்டி விழுந்த பந்தை ஓடிப் போய் எடுத்து வந்து இரு கைகளாலும் அக்காவிடம் நீட்டுவாள்.